25 மீட்டர் வயரும் ஒரு சின்னக் கோடும்

இரண்டு வருடங்களுக்கு முந்தைய தைப்பூசத்தில் நடந்தது இது. பினாங்கில், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் கூட்டாளிகள் சேர்ந்து ஒரு தண்ணீர்ப் பந்தல் போடுவது வழக்கம். மோர், ரோஸ் சிரப், கொஞ்சம் சுண்டல், அவ்வளவுதான். சாமான் பட்டியலை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புவது என் பொறுப்பு. விளக்கு போடுவதற்காக நான் எழுதியிருந்த வரி: "2 5 மீட்டர் வயர்". பந்தலின் பக்கத்துக்கு ஒன்றாக, பிளக் வைத்த ஐந்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் இரண்டு வேண்டும் என்பது என் கணக்கு. ஹார்ட்வேர் கடைக்குப் போன தம்பி தோளில் ஒரு பெரிய சுருளோடு திரும்பி வந்தான். 25 மீட்டர் வயர். பிளக்கும் இல்லை, சாக்கெட்டும் இல்லை.

"அண்ணே, நீங்கதானே இருபத்தஞ்சு மீட்டர்னு போட்டிருந்தீங்க?"

போனை வாங்கிப் பார்த்தேன். அவன் மேல் குற்றமே இல்லை. அந்தச் சின்னத் திரையில் 2க்கும் 5க்கும் நடுவே இருந்த இடைவெளி எறும்பு நுழையும் அளவுக்குக்கூட இல்லை.

இதில் எனக்கு என்ன வெட்கம் என்றால், இப்படிப்பட்ட வரிகளைப் பிழையில்லாமல் எழுதுவதுதான் என் பிழைப்பே. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை வழிமுறைத் தாள்களை எழுதுகிறேன், மற்றவர்கள் எழுதியதைத் திருத்துகிறேன். எண்ணும் அளவும் சேர்ந்து ஒரு பொருளுக்கு முன்னால் வரும்போது நடுவில் கோடு போட வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி வாரத்துக்கு நாலு தடவையாவது என் மேசைக்கு வரும். அந்தக் கோட்டை ஹைபன் என்கிறோம், இணைப்புக்கோடு என்றும் சொல்லலாம். புதிதாக எழுத வருகிறவர்களுக்காக அதை இங்கே பிரித்துப் பார்க்கிறேன். ஆங்கில உதாரணங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டு வாசித்தால் காதுக்குப் புரிந்துவிடும்.

முதலில் ஒரு விஷயம். எண்களுக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, பொருள் எத்தனை என்று எண்ணுவது. இன்னொன்று, பொருள் எவ்வளவு என்று அளப்பது. என் வரியில் 2 எண்ணுகிறது, 5 அளக்கிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் யார் எந்த வேலைக்கு வந்தவர் என்று வாசிப்பவருக்குத் தெரியாது.

பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலேசிய ரிங்கிட்டைத்தான் இங்கே வெள்ளி என்கிறோம். "பத்து வெள்ளி நோட்டு" என்றால் நம் ஊரில் யாரும் சிவப்பு நோட்டு ஒன்றைத்தான் நினைப்பார்கள். "பத்து, ஒரு வெள்ளி நோட்டு" என்றால் நீல நோட்டு பத்து. மதிப்பு ஒன்றுதான், கையில் வருவது வேறு. பேசும்போது 'பத்து' என்றதும் ஒரு நொடி நிறுத்துகிறோமே, அந்த நிறுத்தம்தான் வேலையைச் செய்கிறது. எது எதோடு ஒட்டும், எங்கே பிரியும் என்பதை அதுதான் காட்டுகிறது. ஆங்கிலம் எழுத்தில் இதே வேலைக்கு ஹைபனை வைத்திருக்கிறது. ஆனால் நேர் எதிராக: நாம் பிரிய வேண்டிய இடத்தில் நிறுத்துகிறோம், ஆங்கிலம் ஒட்ட வேண்டிய இடத்தில் கோடு போடுகிறது.

ஆங்கிலத்தில் "டென் மீட்டர் கேபிள்ஸ்" என்று கோடு இல்லாமல் எழுதினால், ஒரு மீட்டர் நீளமுள்ள கேபிள் பத்தா, பத்து மீட்டர் நீளமுள்ள கேபிள் பலவா என்று ஒரு சந்தேகம் எட்டிப்பார்க்கும். "டென்-மீட்டர் கேபிள்ஸ்" என்று கோடு விழுந்ததும் பத்தும் மீட்டரும் ஒரே சொல் மாதிரி ஆகி, கேபிளுக்கு அடைமொழியாக நிற்கின்றன. அளவு, பெயருக்கு முன்னால் அடைமொழியாக வந்தால் கோடு. பெயருக்குப் பின்னால் தனியாக வந்தால் கோடு இல்லை: "தி கேபிள் இஸ் டென் மீட்டர்ஸ் லாங்". பின்னால் போனதும் மீட்டரின் வாலில் 'ஸ்' முளைத்துவிட்டது, கவனித்தீர்களா? அடைமொழியாக இருக்கும்போது அந்த 'ஸ்' வராது. "டென்-மீட்டர்ஸ் கேபிள்" என்று எங்கள் தாள்களில் அடிக்கடி பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் சிவப்பு மை செலவாகிறது. தமிழர்களுக்கு இது கஷ்டமாகவே இருக்கக் கூடாது. நாம் எப்போதுமே பத்து மீட்டர், இருபது லிட்டர் என்று ஒருமையில்தான் சொல்கிறோம். மொழிபெயர்ப்புகளில் மட்டும் "20 லிட்டர்கள் கொள்ளளவு" என்று ஒரு 'கள்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதைக் கண்டால் தயவுசெய்து எழுப்பி அனுப்பிவிடுங்கள்.

அடைமொழியில் மூன்று சொல் இருந்தால் கோடு இரண்டு: "டென்-மீட்டர்-லாங் கேபிள்". இரண்டில் ஒன்றை மட்டும் போட்டு மற்றதை விடுவது, சட்டையில் ஒரு பட்டன் மட்டும் மாட்டிக்கொண்டு தெருவுக்கு வருவது மாதிரி.

கோடு இடம் மாறினால் கணக்கே மாறும் என்பதற்கு ஷிஃப்ட் உதாரணத்தை விடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. ட்வென்ட்டி, ஃபோர், ஹவர், ஷிஃப்ட்ஸ். இந்த நாலு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். "ட்வென்ட்டி ஃபோர்-ஹவர் ஷிஃப்ட்ஸ்" என்றால் நாலு மணி நேர ஷிஃப்ட் இருபது. மொத்தம் 80 மணி நேரம். "ட்வென்ட்டி-ஃபோர் ஹவர் ஷிஃப்ட்ஸ்" என்றால் ஒரு மணி நேர ஷிஃப்ட் இருபத்துநான்கு. மொத்தம் 24 மணி நேரம். "ட்வென்ட்டி-ஃபோர்-ஹவர் ஷிஃப்ட்ஸ்" என்றால் ஒவ்வொரு ஷிஃப்ட்டும் முழு நாள், எத்தனை ஷிஃப்ட் என்று சொல்லவே இல்லை. சொற்களும் அதேதான், வரிசையும் அதேதான். சம்பளக் கணக்கு எழுதுகிறவருக்கு இந்தக் கோடு எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது அளவின் பெயரை முழுச் சொல்லாக எழுதும்போது. குழப்பம் உண்மையில் தொடங்குவது, மில்லிமீட்டருக்கு எம்எம், வோல்ட்டுக்கு வி, கிலோகிராமுக்கு கேஜி என்று குறியீடு போடும்போதுதான். போன மாதம் எங்கள் பிரிவுக்குப் பயிற்சிக்கு வந்த தங்கச்சி ஒருவர், பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து தினமும் பாலத்தைக் கடந்து வருகிறவர், தன் முதல் தாளைக் கொண்டுவந்து நீட்டினார். ஒவ்வொரு அளவிலும் ஒழுங்காக, ஒன்றுகூட விடாமல் கோடு: "10-எம்எம் போல்ட்", "5-வி சப்ளை", "25-கேஜி லோட்".

"அண்ணே, அடைமொழின்னா கோடு போடணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னேன்தான். பாதியை மட்டும் சொல்லியிருந்தேன். மீதிப் பாதி இதுதான்: அளவின் பெயரை எழுத்தில் எழுதினால் கோடு, குறியீடு போட்டால் கோடு கிடையாது, வெறும் இடைவெளிதான். "10-மில்லிமீட்டர் போல்ட்" சரி. "10 எம்எம் போல்ட்" சரி. "10-எம்எம் போல்ட்" தவறு.

இது நான் வைத்த விதி இல்லை. பாரிஸ் பக்கத்தில் செவ்ர் என்ற ஊரில் எடைகளுக்கும் அளவைகளுக்கும் ஒரு பன்னாட்டுப் பணியகம் இருக்கிறது. மீட்டர், கிலோகிராம் முதலிய அலகுகளின் கையேட்டை வெளியிடுவது அவர்கள்தான். ஒன்பதாம் பதிப்பு 2019ல் வந்தது. அளவு அடைமொழியாக வந்தாலும் எண்ணுக்கும் குறியீட்டுக்கும் நடுவே இடைவெளிதான் வேண்டும், அலகின் பெயரை முழுதாக எழுதினால் அந்தந்த மொழியின் இலக்கணப்படி செய்யலாம், ஆங்கிலம் என்றால் ஹைபன் வரும் என்று அதில் இருக்கிறது. அவர்கள் தரும் உதாரணங்கள்கூட எளிமையானவை: குறியீட்டுக்கு 10 kΩ (கிலோ ஓம்) ரெசிஸ்டர், முழுப் பெயருக்கு 35-மில்லிமீட்டர் ஃபிலிம்.

ஏன் இப்படி என்று தங்கச்சி கேட்டார். நல்ல கேள்வி, என் முதல் வருடத்தில் எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. காரணம், அலகின் குறியீடு ஒரு சுருக்கெழுத்து இல்லை, அது கணிதக் குறி. "10 எம்எம்" என்றால் பத்து பெருக்கல் ஒரு மில்லிமீட்டர். நடுவில் இருக்கும் வெற்றிடம்தான் பெருக்கல் குறி. அந்த இடத்தில் கோடு போட்டால் பெருக்கல் போய்க் கழித்தல் மாதிரி ஆகிவிடுகிறது. எங்கள் மாதிரித் தொழிற்சாலைகளில் இது வெறும் வாதம் இல்லை. சிப் ஒட்டுகிற பசையில் சில வகைகளை மைனஸ் 40 டிகிரியில் வைப்பார்கள். அந்த ஃப்ரீசரைப் பற்றி "-40-டிகிரி" என்று எழுதினால் ஒரே சொல்லில் இரண்டு கோடு. முதல் கோடு கழித்தல், இரண்டாம் கோடு ஒட்டு. பார்க்க இரண்டும் ஒன்று. இரவு ஷிஃப்ட்டில் தூக்கக் கண்ணோடு வாசிக்கிறவரிடம் இப்படிப் புதிர் போடக் கூடாது. வீச்சுக்கும் அப்படித்தான். "10-15" என்று எழுதுவதை விட "10 முதல் 15 வரை" என்று எழுதிவிட்டால் தலைவலி இல்லை.

விதிவிலக்கு ஒன்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கோணத்துக்குப் போடும் டிகிரி, நிமிட, விநாடிக் குறிகள் எண்ணோடு ஒட்டியே நிற்கும், இடைவெளி வேண்டாம். வெப்பநிலைக்கு வரும் டிகிரி செல்சியஸ் அப்படி இல்லை, அதற்கு இடைவெளி உண்டு. அப்புறம், உங்கள் நிறுவனத்தின் எழுத்துக் கையேடு குறியீட்டுக்கும் கோடு போடு என்று சொன்னால், போடுங்கள். அப்படிச் சொல்லும் கையேடுகளும் இருக்கின்றன. சண்டை போட்டு ஜெயிக்கிற விஷயம் இல்லை இது. ஒரே தாளில் இரண்டு பழக்கத்தையும் கலப்பதுதான் உண்மையான குற்றம்.

சரி, தமிழுக்கு வருவோம். தமிழில் எழுதும்போது இந்தக் கோடு தேவையா? "10-மீட்டர் கேபிள்" என்று தமிழிலும் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். எனக்கு அது கடன் வாங்கிய செருப்பு மாதிரித்தான் தெரிகிறது. ஒட்டுவதற்குத் தமிழ் தன் சொற்களுக்குள்ளேயே பசை வைத்திருக்கிறது.

ஷிஃப்ட் உதாரணத்தையே தமிழில் சொல்லிப் பாருங்கள். "இருபத்து நான்கு மணி நேர ஷிஃப்ட்". "இருபது நான்கு மணி நேர ஷிஃப்ட்". முதலாவதைக் கேட்டால் யாருக்கும் 24 தவிர வேறெதுவும் தோன்றாது. 'இருபத்து' என்ற வடிவமே, எனக்குப் பின்னால் இன்னும் வருகிறது, என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. 'இருபது' அப்படி இல்லை, அங்கேயே முடிந்துவிடும். ஆங்கிலத்துக்குக் கோடு செய்கிற வேலையை நமக்கு ஒரு 'த்து' செய்கிறது.

அளவோடு சேரும்போதும் அப்படித்தான். மூன்றும் அடியும் சேர்ந்தால் மூவடி, இரண்டும் அடியும் ஈரடி. பழைய அளவைகளில் இருநாழி, முக்கலம், ஐங்கலம். எண்ணே உருமாறி அளவுக்குள் போய்விடுகிறது, நடுவில் கோடு நுழைய இடமே இல்லை. அளவைச் சொற்கள் எண்ணோடு எப்படிச் சேரும் என்பதற்குத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்திலேயே விதிகள் இருக்கின்றன. அளவுப் பெயரும் நிறைப் பெயரும் எந்தெந்த எழுத்தில் தொடங்கும் என்றுகூட எண்ணி வைத்திருக்கிறார்கள்: க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என்று ஒன்பது. மீட்டருக்கும் கிலோவுக்கும் அந்தக் கூட்டத்தில் இடம் கிடைத்துவிடும். லிட்டர், ஓம், ஹெர்ட்ஸ் எல்லாம் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

பின்னால் வரும் பெயரோடு ஒட்டுவதற்கு ஒற்று இருக்கிறது. "பத்தடிக் கயிறு" என்று 'க்' போட்டால் பத்து அடி நீளமுள்ள கயிறு என்று விரியும். "ஆறடிப் பலகை" அப்படித்தான். 'அடி'க்கு இது இயல்பாக வருகிறது. "ஐந்து லிட்டர்ப் போத்தல்" என்று எழுதினால் இலக்கண ஆசிரியர் சந்தோஷப்படுவார், சாமான் வாங்கப் போகிறவர் ஒரு நிமிடம் முழிப்பார். நான் லிட்டர், மீட்டர் மாதிரி வந்த சொற்களுக்கு ஒற்றுப் போடுவதில்லை. போடுகிறவர்களோடு சண்டையும் இல்லை.

ஆனால் இந்தப் பசை எல்லாம் எழுத்தில் எழுதினால்தான். இலக்கத்தில் எழுதியதும் காய்ந்துபோகிறது. "20 4 மணி நேர ஷிஃப்ட்" என்று எழுதினால் 'து'வும் இல்லை, 'த்து'வும் இல்லை. என் வயர் வரியில் நடந்ததும் அதேதான். "இரண்டு ஐந்து மீட்டர் வயர்" என்று எழுதியிருந்தால், வாசிக்கக் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும், 25 என்று யாரும் படித்திருக்க மாட்டார்கள். அதனால் முதல் வழி: இரண்டு எண் மோதிக்கொண்டால் எண்ணுகிற எண்ணை எழுத்தில் எழுதுங்கள், அளக்கிறதை இலக்கத்தில் விடுங்கள். "இரண்டு 5 மீட்டர் வயர்". ஆங்கிலத்திலும் நல்ல எழுத்தாளர்கள் இப்படித்தான் செய்கிறார்கள்.

ஆனால் இதைவிட நல்ல வழி ஒன்று நம் வாயிலேயே இருக்கிறது. மளிகைக் கடையில் எப்படிக் கேட்கிறோம்? "அண்ணே, ரெண்டு லிட்டர் எண்ணெய் போத்தல் மூணு குடுங்க." வங்கியில்? "அம்பது வெள்ளி நோட்டு நாலு." அளக்கும் எண் பெயருக்கு முன்னால், எண்ணும் எண் பெயருக்குப் பின்னால். நடுவில் பொருள் சுவர் மாதிரி நின்று இரண்டையும் பிரித்துவிடுகிறது. கோடும் வேண்டாம், காற்புள்ளியும் வேண்டாம். ஆங்கிலத்தில் சாதாரண வாக்கியத்துக்குள் இப்படி எண்ணைப் பின்னால் தள்ள முடியாது, அதனால்தான் அது கோட்டைப் பிடித்துத் தொங்குகிறது.

மலாயும் இதே சுவரைக் கட்டுகிறது, வேறு திசையில். "துவா வாயர் லிமா மீட்டர்": எண்ணும் எண் முன்னால், பொருள் நடுவில், அளவு கடைசியில். பினாங்கில் ஒரு நாளைக்குள் மூன்று மொழியிலும் சாமான் கேட்கிறோம், அளவையும் எண்ணிக்கையையும் மூன்று விதமாக அடுக்குகிறோம், யாரும் தடுமாறுவதில்லை. தடுமாற்றம் எல்லாம் எழுத உட்கார்ந்த பிறகுதான்.

தமிழில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. "10 மீட்டர் கேபிள் எடுத்துட்டு வா" என்றால் சுருளிலிருந்து பத்து மீட்டர் வெட்டி வருவதா, பத்து மீட்டரில் தயாராக வரும் கேபிள் ஒன்றை எடுத்து வருவதா? ஆங்கிலத்தில் முதலாவது "டென் மீட்டர்ஸ் ஆஃப் கேபிள்", இரண்டாவது "எ டென்-மீட்டர் கேபிள்". நம்மிடம் இரண்டுக்கும் ஒரே வடிவம். ஒற்றோ கோடோ இதைத் தீர்க்காது. "10 மீட்டர் நீளமுள்ள கேபிள் ஒன்று" என்றோ "கேபிள், 10 மீட்டர் வெட்டியது" என்றோ விரித்து எழுதுவதுதான் வழி. அமெரிக்கத் தர நிறுவனத்தின் அலகு வழிகாட்டியும் இந்த மாதிரிச் சந்தேகம் வந்தால் வாக்கியத்தை மாற்று என்றுதான் சொல்கிறது: "22 எம்எல் குப்பிகளில்" என்பதை "22 எம்எல் கொள்ளளவுள்ள குப்பிகளில்" என்று மாற்றச் சொல்லி உதாரணம் தருகிறது. இருபத்திரண்டு குப்பியா, இருபத்திரண்டு எம்எல்லா என்று ஒரு கணம்கூட வாசிப்பவர் யோசிக்கக் கூடாது என்பதற்காக. அந்த 'உள்ள' நம்மிடம் தாராளமாக இருக்கிறது. வாக்கியம் கொஞ்சம் நீளும். நீளட்டும்.

வேற்றுமை உருபு சேர்க்கும்போது வரும் கோட்டைப் பற்றியும் ஒரு வரி. "10 மி.மீ.-க்கு மேல்" என்று எழுதுகிறார்கள். புள்ளி, கோடு, உருபு என்று மூன்று பேர் வாசலில் நெரிசல். "10 மில்லிமீட்டருக்கு மேல்" என்று எழுதிவிட்டுப் போகலாமே. நம் மொழியில் உருபு சேர வேண்டுமானால் சொல்லுக்கு வால் வேண்டும், சுருக்கத்துக்கு வால் கிடையாது. அட்டவணைக்குள் சுருக்கம், வாக்கியத்துக்குள் முழுப் பெயர் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று, சின்னதுதான். கணினியில் எழுதும்போது எண் ஒரு வரியின் கடைசியிலும் அலகு அடுத்த வரியின் தொடக்கத்திலும் போய் விழும். அதைத் தடுக்க உடையாத இடைவெளி என்று ஒன்று இருக்கிறது. வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். பயிற்சிக்கு வந்த தங்கச்சி இதைக் கற்றுக்கொண்ட அன்று பழைய தாள்களை எல்லாம் திறந்து சாயங்காலம் வரை அதையே அழுத்திக்கொண்டிருந்தார்.

அந்த 25 மீட்டர் சுருளைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. பந்தல் சாமான்களோடு இன்னும் ஒரு பெட்டியில் கிடக்கிறது. போன தைப்பூசத்துக்குப் பட்டியலை எழுதி அனுப்பினேன்: "பிளக் உள்ள 5 மீட்டர் வயர், இரண்டு". அனுப்பிய அரை நிமிடத்தில் தம்பியிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"அண்ணே, அஞ்சு மீட்டர் வயர் ரெண்டு. பிளக்கோட. சரிதானே? அப்புறம் இந்த 24 போத்தல் பெட்டின்னு போட்டிருக்கீங்களே, அது எத்தனை பெட்டி?"